மினுக்கத்தைப் பார்க்க முன் டைல்ஸைக் கவிழ்த்துப் பாருங்கள்

டைல்ஸ் வாங்கப் போகிறவர்கள் அதன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் கவிழ்த்துப் போட்டு, முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுவேன். சொட்டு உடனே ஊறி அந்த இடம் கறுத்தால் சாதாரண செரமிக். முத்துமுத்தாக மேலேயே நின்றால் போர்சலின்.

போர்சலின் தன் எடையில் 0.5 வீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சுவருக்கென்று செய்த செரமிக் 10 வீதத்துக்கும் மேல் குடிக்கும். ஒரு கிலோ டைல்ஸுக்கு ஒன்று 5 கிராம், மற்றது 100 கிராமுக்கு மேல். திருகோணமலையில் இது சின்ன வித்தியாசமில்லை. மாரியில் மழை காற்றோடு சரிந்து விறாந்தைக்குள் அடிக்கும். கரையோரம் பல கிணறுகளில் தண்ணீரே உவர். அந்த உப்புத் தண்ணீரைக் குடித்த டைல்ஸ் காயும்போது உப்பு உள்ளே திரண்டு, மேலுள்ள பூச்சைத் தள்ளும். ஓரங்கள் செதில் செதிலாகக் கழரும். விலை குறைவென்று சுவர் டைல்ஸைத் தரைக்குப் போடாதீர்கள்.

போர்சலின் என்றாலும் எல்லா இடத்துக்கும் ஒன்றே சரிவராது. உப்புவெளியில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், "ஹோலுக்குப் போட்டதையே விறாந்தைக்கும் போடுங்கோ தம்பி, ஒரே மாதிரி இருக்கட்டும்" என்றார். "ரீச்சர், அது மினுங்குகிற பொலிஷ் டைல்ஸ், மழைக்கு வழுக்கும்" என்று ஒருக்கால் சொன்னேன். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மார்கழி மழைக்குள் கேற்றைப் பூட்ட ஓடியவர் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு அவரைப் பார்த்தது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. அந்த விறாந்தையைக் கொத்தி எடுத்து, சொரசொரப்பான டைல்ஸ் பதித்துக் கொடுத்தேன். கூலி வாங்க மனம் வரவில்லை. அன்றிலிருந்து விறாந்தை, படி, குளியலறைத் தரை மூன்றுக்கும் பொலிஷ் டைல்ஸ் நான் பதிப்பதில்லை. வேலை கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை.

கடையில் 'ஆர்' இலக்கத்தைக் கேளுங்கள். ஆர் 9 முதல் ஆர் 13 வரை உண்டு. எண் கூடக்கூடப் பிடிப்பும் கூடும். மழை படுகிற படிக்கு ஆர் 11 கேட்பது நல்லது.

அடுத்தது மணல். செருப்போடு வீட்டுக்குள் வருகிற கடற்கரை மணல் அரத்தாள் மாதிரி. நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டில், வாசலில் இருந்து குசினி வரைக்கும் ஒற்றையடிப்பாதை போல மினுக்கம் செத்துக் கிடந்தது. இப்படியான வீட்டுக்கு மினுக்கமில்லாத டைல்ஸ், வாசலில் தடித்த கால்மிதி.

குசினி மேடைக்கு மாபிள் வேண்டாம். தேசிக்காய்ப் புளி பட்ட இடம் வெளிறிப் போகும். எவ்வளவு தேய்த்தாலும் மாறாது. கிரனைட் போடுங்கள்.

நிறம் மாறாமல் இருக்க ஒரே ஷேட் நம்பர் (பெட்டியில் உள்ள நிற இலக்கம்) உள்ள பெட்டிகளாகப் பார்த்து, தேவைக்கு மேல் 10 வீதம் கூட்டி வாங்குங்கள்.

தண்ணீர் குடிக்காத டைல்ஸ் சீமெந்துப் பாலையும் குடிக்காது. அதனால் போர்சலினை டைல் பசையில்தான் பதிக்க வேண்டும். நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வொரு கட்டிப் பசை வைத்து அமத்துகிற மேசன்மார் இருக்கிறார்கள், அப்படிச் செய்ய விடாதீர்கள். பல்லுள்ள கரண்டியால் முழுக்க இழுத்துப் பூச வேண்டும். பசை நன்றாக இறுகிய பிறகு, கடைசிக் காசைக் கொடுக்க முன் நாணயம் ஒன்றால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். வெறும் பானை மாதிரிச் சத்தம் கேட்பதைப் பென்சிலால் அடையாளமிட்டு, கழற்றித் திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள்.