ஒய்த: 'கண்டிருக்கிறேன்' என்பதே 'தெரியும்'

பண்டைக் கிரேக்கத்தில் 'எனக்குத் தெரியும்' என்பதற்கு ஒய்த என்பார்கள். வடிவத்தில் இது முற்று (செயல் முடிந்த நிலை), பொருளிலோ நிகழ்காலம். வேர் 'வெய்த்', அதாவது 'காண்'. 'கண்டேன்' என்னும் எய்தொன் அதே வேரில் பிறந்தது. கண்டு முடித்தவனுக்குத் தெரியும், அவ்வளவுதான் கணக்கு.

முதலில் இருந்த வகர ஒலி ஆத்திக (ஏதென்ஸ் வட்டார) வழக்கில் உதிர்ந்துவிட்டது. பழைய காவியக் கவிஞர் ஹோமரின் யாப்பில் அதன் தடம் இன்னும் தென்படும். வகரத்தைத் திருப்பி வைத்தால் 'வொய்த'. சமஸ்கிருத 'வேத' (அறிவேன்) இதன் உடன்பிறப்பு. அங்கும் முற்று வடிவம், நிகழ்காலப் பொருள். தமிழுக்கு வந்த வேதம், வித்தை எல்லாம் இந்த வேர்தான்.

ஒருமை (நான், நீ, அவன்): ஒய்த, ஒய்ஸ்த, ஒய்தெ. பன்மை (நாம், நீங்கள், அவர்கள்): இஸ்மென், இஸ்தெ, இஸாஸி. ஒருமையில் 'ஒய்', பன்மையில் வெறும் 'இ'. சமஸ்கிருதத்திலும் இதே மாற்றம்தான்: வேத, வித்ம. வேரின் தகரம் அடுத்த மெய்யோடு மோதி ஸகரமாகிறது. ஹோமரில் 'இத்மென்' என்று பழையபடியே நிற்கும். இறந்தகாலம் ஏய்தே, எதிர்காலம் எய்ஸொமய், வினையெச்சம் எய்தெனய்.

இங்கேதான் படிப்பவர்கள் சறுக்குவார்கள். இஸ்மென் 'அறிவோம்', எஸ்மென் 'இருக்கிறோம்': ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. ஏவலான இஸ்தி இன்னும் மோசம். 'அறி', 'இரு' இரண்டுக்கும் அதுவே வடிவம், இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அகராதியில் ஒய்த கிடைக்காவிட்டால் எய்தோ என்ற தலைச்சொல்லில் தேடுங்கள். வழக்கில் இல்லாத அந்த வடிவத்தின் கீழ் வைக்கும் பழக்கம் உண்டு.

ஒய்த என்பதைத் தமிழில் 'அறிவேன்' என்று பெயர்த்தால் தவறில்லை. ஆனால் பொருத்தம் 'தெரியும்' என்பதற்குத்தான். மலை தெரிகிறது என்றால் காட்சி. விடை தெரியும் என்றால் அறிவு. சொற்கள் உறவில்லை, போன வழி ஒன்று. 'ஒய்த' வினையெச்சத்தோடு வந்தால் 'செய்யத் தெரியும்': ஒய்த நெய்ன், 'நீந்தத் தெரியும்'. தமிழும் அப்படியே கட்டுகிறது! ஒரு வேற்றுமை: கிரேக்கத்தில் அறிபவன் எழுவாய், தமிழில் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமை.

கிக்னோஸ்கோ என்ற வினையோடு குழப்ப வேண்டாம். அது அறிந்துகொள்ளும் செயல், 'ஞானம்' என்பதும் அதே வேரில் பிறந்தது. அதற்கு 'தெரிந்துகொள்கிறேன்' என்று எழுதலாம்.