பிளே சொல்லும் ஹெட் கோச் பிள்ளைகளைப் பார்க்கிறாரா?

டெக்சஸில் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளுக்கு அத்லெட்டிக் டிரெயினராக இருக்கிறேன். அடிபட்ட பிள்ளையை ஆட்டத்திலிருந்து வெளியே எடுப்பது என் வேலை. அதனால் பந்தை வைத்து முன்னேறும் ஆஃபென்ஸுக்கு ஹெட் கோச்சே பிளே சொல்லலாமா, அதாவது ஒவ்வொரு முறையும் எந்தத் திட்டப்படி ஆட வேண்டும் என்று அவரே சொல்லலாமா என்பதை வெற்றி தோல்வியை மட்டும் வைத்து நான் பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஒரு பிளே முடிந்ததும், அடுத்ததைத் தொடங்குவதற்கான 40 வினாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். 15 வினாடி மிச்சமிருக்கும்போது ஆஃபென்ஸை நடத்தும் வீரரான குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் கோச்சின் குரல் வரும் ரேடியோ நின்றுவிடும். இடையில் இருக்கும் 25 வினாடிக்குள் எத்தனையாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), இன்னும் எத்தனை யார்டு, எதிரணியில் யார் இறங்கியிருக்கிறார்கள் என்று பார்த்து பிளேயைச் சொல்லி முடிக்க வேண்டும். முடித்தால் உடனே அடுத்தது. எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸ் ஆடும்போதாவது பிளே சொல்லும் ஹெட் கோச் தலை நிமிர்வாரா என்றால், அப்போதும் குவாட்டர்பேக்கோடு உட்கார்ந்து அடுத்த பிளேக்களைப் பேசிக்கொண்டிருப்பார்.

ஹெட் கோச் ஆண்டி ரீட் கான்சஸ் சிட்டியில் பிளே சொல்லியே என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை மூன்று முறை வென்றார், சரி. ஆனால் அவரே 2017 சீசனின் கடைசிக் கட்டத்தில் அந்த வேலையை உதவி கோச் மேட் நேகியிடம் கொடுத்தவர். இன்னொரு ஹெட் கோச் நிக் சிரியானி ஃபிலடெல்ஃபியாவில் தன் முதல் சீசனிலேயே, 2021இல், அதை உதவி கோச் ஷேன் ஸ்டைக்கனிடம் விட்டுவிட்டார். 2025 பிப்ரவரியில் அந்த அணி சூப்பர் பௌல் வென்றபோது பிளே சொன்னவர் உதவி கோச் கெலன் மூர்.

என்எஃப்எல்லில் அடிபட்டவரை அரங்கின் மேலேயிருந்து கவனித்து, ஆட்டத்தையே நிறுத்தச் சொல்லும் அதிகாரமுள்ள டிரெயினர்கள் 2015 முதல் இருக்கிறார்கள். பள்ளி மைதானத்தில் பெரும்பாலும் நான் ஒரு ஆள்தான். கணுக்கால் பிசகிய ஒருவனுக்குக் கட்டுப் போட நான் குனிந்திருக்கும்போது, இன்னொருவன் தலையில் மோதிக்கொண்டு எழுந்திருப்பான். தடுமாறுவான், தப்பான பக்கம் நடப்பான், கேட்டால் ஒன்றுமில்லை என்பான். ஆடியே ஆக வேண்டும் என்ற ஆசை அந்த வயதில் அவ்வளவு. அவனுடைய வழக்கமான நடையைத் தெரிந்த ஹெட் கோச் பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். அந்த நேரத்தில் அவர் கண் பிளே ஷீட்டில் இருக்கிறது.

மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே மாணவனை உடனே வெளியேற்ற வேண்டும், அவன் திரும்பி ஆடலாம் என்று கோச் அனுமதி தர முடியாது என்பது டெக்சஸில் 2011 முதல் சட்டம். யாராவது பார்த்தால்தானே சந்தேகம் வரும்?

பள்ளி அளவில் பிளே சொல்வதை, ஆஃபென்ஸைப் பார்த்துக்கொள்ளும் உதவி கோச்சான ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டரிடம் விட்டுவிடுங்கள். உதவி கோச்கள் குறைவான சிறிய பள்ளியில் அது முடியாது என்றால், ஹெட்செட் இல்லாத ஒருவரைப் பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்றே நிறுத்துங்கள். டைம்அவுட் கேட்கச் சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும். பெற்றோரும் சீசன் தொடங்கும் முன் கூட்டத்தில் அவர் யார் என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள்.