பிரேசிலுக்கு ஸ்பானிஷ் போதுமா?

“தென் அமெரிக்காவுக்கு ஸ்பானிஷ் ஒன்று போதும், போர்ச்சுகீசியமும் ஏறக்குறைய அதேதானே?” ஏற்றுமதி அலுவலகங்களிலும் மொழி வகுப்புகளின் சேர்க்கை மேசையிலும் இந்தப் பேச்சு ஓயாமல் அடிபடுகிறது. இதை நம்பி எடுத்த முடிவுகளைச் சரிசெய்யும் வேலை கடைசியில் மொழிபெயர்ப்பாளர்களிடம் வந்து சேர்கிறது. அதற்குள் சரக்கு கிளம்பியிருக்கும், அல்லது ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கும்.

எது பெரிய மொழி என்று கேட்டால் பதில் எளிது. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 50 கோடியை ஒட்டி இருக்கிறார்கள். 20 நாடுகளில் அது ஆட்சிமொழி, ஐ.நா.வின் ஆறு மொழிகளில் ஒன்று. அமெரிக்காவில் மட்டும் 4 கோடிப் பேருக்கு மேல் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். போர்ச்சுகீசியம் பேசுவோர் 25 கோடிக்கு மேல். ஐ.நா.வில் அதற்கு ஆட்சிமொழி இடம் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு உலகம் முழுவதற்குமானது. தென் அமெரிக்காவை மட்டும் எடுத்தால் படம் மாறிவிடும். 2022 கணக்கெடுப்பின்படி பிரேசிலின் மக்கள்தொகை 20.3 கோடி. அந்தக் கண்டத்தில் ஏறக்குறைய இரண்டில் ஒருவர் பேசுவது போர்ச்சுகீசியம். ஸ்பானிஷை வைத்துக்கொண்டு ‘தென் அமெரிக்கச் சந்தை’க்குப் போகிறவர் அதில் பாதியை வெளியே விட்டுவிட்டுத்தான் போகிறார்.

இரு மொழிகளின் சொற்களில் சுமார் 89 விழுக்காடு ஒத்துப்போகின்றன. ஏமாற்றுவதே இந்த ஒற்றுமைதான். அச்சில் படிக்கும்போது ஸ்பானிஷ்காரருக்குப் போர்ச்சுகீசியம் நன்றாகவே புரியும், காதால் கேட்டால் தடுமாறுவார். பிரேசில்காரருக்கோ ஸ்பானிஷ் பேச்சு பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் ஒலி. ஸ்பானிஷில் உயிரொலிகள் ஐந்தே, ஐந்தும் தெளிவானவை. போர்ச்சுகீசியத்தில் வாயொலிகள் ஏழு, மூக்கொலி உயிர்கள் ஐந்து. லிஸ்பன் பேச்சில் அழுத்தம் விழாத உயிர்கள் பாதி விழுங்கப்படுவதால் பழகாத காதுக்கு மெய்யெழுத்துகள் மட்டுமே கேட்கும். ஆகவே ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த மொழிபெயர்ப்பாளரை சாவோ பாலோ கூட்டத்துக்கு அனுப்பினால், அவர் பேசுவது எதிர்த்தரப்புக்குப் புரியும், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அவருக்குப் புரியாது. பேரம் பேசும் இடத்தில் இதைவிட மோசமான நிலை கிடையாது.

மொழிப் போட்டியின் வேர் பழையது. 1494இல் தோர்தெசியாஸ் உடன்படிக்கையில் கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் (பழைய கடல் தொலைவு அலகு) தொலைவில் ஒரு கோடு போட்டு, இரு முடியரசுகளும் உலகைப் பங்கிட்டுக்கொண்டன. பின்னர் 1580 முதல் 1640 வரை போர்ச்சுகல் ஸ்பானிய அரசரின் கீழ் இருந்தது. அந்த ஆட்சியை உதறிய டிசம்பர் 1 இன்றும் போர்ச்சுகலில் பொது விடுமுறை. லிஸ்பனில் அறிமுகமில்லாதவரிடம் ஸ்பானிஷில் பேச்செடுப்பதைவிட ஆங்கிலத்தில் தொடங்குவது மேல் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். பிரேசிலில் இந்தக் கசப்பு அவ்வளவு இல்லை. அதற்காக எல்லோருக்கும் ஸ்பானிஷ் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. உயர்நிலைப் பள்ளிகள் ஸ்பானிஷ் வகுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்ற 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2017இல் நீக்கப்பட்டது. கட்டாய இடம் ஆங்கிலத்துக்குப் போனது.

காசு இழப்பது பெரும்பாலும் ஆவணங்களில். முதலில் எண்கள். ஸ்பானிஷின் ‘பில்யோன்’ லட்சம் கோடி. பிரேசிலின் ‘பில்யாவ்’ நூறு கோடி. போர்ச்சுகலில் நூறு கோடிக்கு ‘ஆயிரம் மில்லியன்’ என்ற பொருளில் வேறு தொடர். ஸ்பானிஷ் பழக்கத்தில் பிரேசில் அறிக்கையைப் படிப்பவர் தொகையை ஆயிரம் மடங்கு பெருக்கிவிடுவார். அடுத்தது புள்ளியும் காற்புள்ளியும். ஆயிரத்து இருநூற்று ஐம்பதை பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் 1.250,00 என்று எழுதுவார்கள், மெக்சிகோவில் நம்மைப் போல 1,250.00. விலைப்பட்டியலின் ஒரே கோப்பை பிரேசிலுக்கும் மெக்சிகோவுக்கும் அனுப்பாதீர்கள்.

கிழமைகளும் கண்ணி வைக்கும். போர்ச்சுகீசியத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை எண்ணால் அழைப்பார்கள், திங்கள்தான் ‘இரண்டாவது’. பிரேசில் மின்னஞ்சலில் 3ª என்று மட்டும் இருந்தால் அது செவ்வாய், 6ª என்றால் வெள்ளி. திங்களிலிருந்து எண்ணுபவர் ஒரு நாள் தள்ளிப் போவார். சரக்கு ஏற்றும் நாளைக் குறித்து எழுதும்போது தேதியையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே தோற்றம், வேறு பொருள் கொண்ட சொற்களில் வணிகத்தைத் தொடும் சிலவற்றையாவது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ‘கொன்தெஸ்தார்’ ஸ்பானிஷில் பதிலளிப்பது, போர்ச்சுகீசியத்தில் மறுப்பது, வழக்கில் எதிர்ப்பது. ‘ஒஃபிசீனா’ ஸ்பானிஷில் அலுவலகம், போர்ச்சுகீசியத்தில் பட்டறை. முகவரியில் இது மாறினால் பார்சல் தவறான வாசலுக்குப் போகும். ‘ப்ரொபீனா’ ஸ்பானிஷில் உணவகத்தில் வைக்கும் டிப்ஸ், போர்ச்சுகலில் கல்லூரிக் கட்டணம், பிரேசிலில் லஞ்சம். செலவுக் கணக்கில் அந்தச் சொல்லை எழுதி பிரேசில் தணிக்கையாளரிடம் கொடுக்காதீர்கள்.

இவற்றைவிட ஆபத்தானது வினைச்சொல், ஏனென்றால் அகராதி அங்கே உதவாது. ‘ஏ பகாதோ’ என்று ஸ்பானிஷ்காரர் சொன்னால் பணம் கட்டியாயிற்று. அச்சு அசலாக அதே அமைப்பில் போர்ச்சுகீசியத்தில் வரும் ‘தேன்யு பாகு’ என்பதற்கு, கொஞ்ச காலமாகக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று பொருள். ஒருவர் கணக்கை முடித்துவிட்டார், மற்றவர் இன்னும் தவணையில் இருக்கிறார். அதேபோல ஒப்பந்தத்தின் ‘கட்டாவிட்டால்’, ‘வந்து சேரும்போது’ போன்ற நிபந்தனைகளுக்குப் போர்ச்சுகீசியத்தில் ஒரு தனி வினைவடிவம் அன்றாட வழக்கில் இருக்கிறது. ஸ்பானிஷில் அது பழைய சட்ட ஏடுகளோடு நின்றுவிட்டது. ஸ்பானிஷ் வடிவை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றித் தரும் மலிவான மொழிபெயர்ப்பு இங்கேதான் சறுக்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1990ஆம் ஆண்டின் பிரேசில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, பொருள் பற்றிய தகவல்கள் போர்ச்சுகீசியத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஸ்பானிஷ் லேபிள் அங்கே வெறும் அலங்காரம். வெளிநாட்டு மொழியில் உள்ள ஆவணம் பிரேசிலில் சட்டப்படி செல்ல, உரிமையியல் சட்டத்தின் 224ஆம் பிரிவின்படி அது போர்ச்சுகீசியத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். அரசு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் கேட்பது அங்கே உறுதிமொழி எடுத்துப் பதிவு செய்த மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்து. வரிசையும் முக்கியம். முதலில் இந்தியாவில் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்று), அதன் பிறகே மொழிபெயர்ப்பு. மாற்றிச் செய்தால் முத்திரை மொழிபெயர்க்கப்படாமல் நின்று, மறுபடி பணம் கட்ட நேரும். பிரேசில் 2016 முதல் அப்போஸ்டில் முறையை ஏற்கிறது.

ஸ்பானிஷிலும் ஒரே மொழிபெயர்ப்பு எல்லா நாட்டுக்கும் செல்லாது. ஸ்பெயினில் வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்தவர், அர்ஜென்டினாவில் பதிவு பெற்ற பொது மொழிபெயர்ப்பாளர், மெக்சிகோவில் நீதித்துறைப் பட்டியலில் உள்ள வல்லுநர் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முறை. போர்ச்சுகலில் இப்படி ஒரு பட்டியலே இல்லை, நோட்டரியோ வழக்கறிஞரோ மொழிபெயர்ப்பைச் சான்றளிக்கலாம். பெறும் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் மொழிபெயர்ப்புக்குக் கொடுக்க வேண்டும்.

போர்ச்சுகீசியம் என்று மட்டும் சொல்லி வேலை கொடுத்தாலும் சிக்கல். போர்ச்சுகீசியம் பேசும் நாடுகளின் 1990 எழுத்து உடன்படிக்கை எழுத்துக்கூட்டலை நெருங்கவைத்தது, சொற்களை ஒன்றாக்கவில்லை. கைபேசி, பேருந்து, கணினிக் கோப்பு மூன்றுக்கும் லிஸ்பனில் ஒரு சொல், ரியோவில் வேறு சொல். அங்கோலாவும் மொசாம்பிக்கும் போர்ச்சுகல் வழக்கை ஒட்டியவை. பிரேசில் வகையில் செய்த கையேட்டை அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவுக்கு அனுப்பினால் புரியும், ஆனால் அந்நியமாகப் படும்.

அப்படியானால் எதைப் படிப்பது? அமெரிக்க வாடிக்கையாளர் சேவை, மெக்சிகோவுக்கான வாகன ஏற்றுமதி, ஐ.நா. அமைப்புகள் என்று இலக்கு இருந்தால் ஸ்பானிஷ், யோசிக்கவே வேண்டாம். இலக்கே இல்லாதவருக்கும் வாய்ப்பின் பரப்பு அதில்தான் அதிகம். ஆனால் பிரேசிலோடும் ஆப்பிரிக்காவோடும் தொழில் செய்பவர் போர்ச்சுகீசியத்தில் தொடங்க வேண்டும். அங்கோலாவில் 2014 கணக்கெடுப்பில் 71 விழுக்காட்டினர் வீட்டில் போர்ச்சுகீசியம் பேசுவதாகச் சொன்னார்கள். மொசாம்பிக்கோடு இந்தியா 2016இல் துவரை இறக்குமதி ஒப்பந்தம் செய்தது. போர்ச்சுகீசியம் ஆட்சிமொழியான கினி-பிசாவுவின் முந்திரிக் கொட்டைக்கு இந்தியா பெரிய வாடிக்கையாளர். முந்திரித் தொழிலில் இருக்கும் பண்ருட்டி, தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்த மொழி தூரத்து விஷயமே இல்லை. இந்தியாவில் ஸ்பானிஷ் படித்தவர்கள் நிறைய, போர்ச்சுகீசியம் படித்தவர்கள் குறைவு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

‘மூன்று மாதத்தில் சரளம்’ என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளுக்கு, முழுநேர வகுப்பில், இவ்விரு மொழிகளுக்கும் அமெரிக்க வெளியுறவுத் துறை ஒதுக்குவது 24 முதல் 30 வாரங்கள், அதாவது 600 முதல் 750 மணி நேரம். வாரம் 6 மணி நேரம் படிப்பவருக்கு அது இரண்டு, இரண்டரை ஆண்டு.

தமிழ் பேசுபவருக்கு இரண்டிலும் ஒரு முன்தொகை இருக்கிறது. போர்ச்சுகீசிய மூக்கொலியைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். பேச்சுத் தமிழில் ‘பணம்’, ‘மரம்’ என்கையில் கடைசியில் உதட்டை மூடுவதில்லை, ஒலி மூக்கில் கரைகிறது. அதே இடம்தான். ஸ்பானிஷில் இரு உயிர்களுக்கு நடுவே வரும் ‘த’ நம் ‘அது’வில் வருவதுபோல மெலியும். பிரேசிலில் அது மெலியாது, ‘இ’க்கு முன் ‘ஜ’வாகவும் மாறும். நாள் என்பது ஸ்பானிஷில் ‘தீயா’, பிரேசிலில் ‘ஜீயா’. ஸ்பானிஷில் உருட்டும் இரட்டை ‘ர’ பிரேசிலில் பெரும்பாலும் ‘ஹ’ ஆகிவிடும், கார் அங்கே ‘காஹு’.

சான்றிதழ் வேண்டுமென்றால் ஸ்பானிஷுக்கு செர்வான்டெஸ் நிறுவனத்தின் டெலே தேர்வு. அதற்குக் காலாவதி இல்லை. கணினிவழித் தேர்வான சியேலே 5 ஆண்டுக்குச் செல்லும். பிரேசிலுக்கு செல்பே-பிராஸ், அதில் தனியாக இலக்கணக் கேள்வியே கிடையாது. 3 மணி நேரத்தில் நான்கு எழுத்துப் பணிகள், பிறகு 20 நிமிட உரையாடல். போர்ச்சுகலுக்கு லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் தேர்வுகள், ஐரோப்பிய மொழி அளவுகோலில் தொடக்க நிலையான ஏ2-க்குரியது சிப்ளே.

இரண்டையும் படிக்க ஆசைப்படுபவர்கள் முதல் மொழியில் அதே அளவுகோலின் இடைநிலையான பி1-ஐத் தாண்டும்வரை அடுத்ததைத் தொடாமல் இருப்பது நல்லது. அதற்கு முன் கலந்தால் எல்லையோர ஊர்களில் பேசும் ‘போர்த்துன்யோல்’ கலவை நாக்கில் ஒட்டிக்கொண்டு, தேர்விலும் கடிதத்திலும் விடாமல் வரும். ஸ்பானிஷிலிருந்து போர்ச்சுகீசியத்துக்குப் போகிறவர் முதல் இரண்டு மாதம் இலக்கண நூலை ஓரமாக வைத்துவிட்டு, எழுத்து வடிவம் தரப்பட்ட பிரேசில் வானொலிச் செய்திகளை நாளுக்கு அரை மணி நேரம் கேட்கட்டும். முதலில் பார்க்காமல், பிறகு எழுத்தைப் பார்த்துக்கொண்டு, மூன்றாம் முறை கூடவே வாய்விட்டுச் சொல்லி.