ஜேசிபி வரும் முன் அளவைக் கல்லைப் பாருங்கள்

"மூலையில் நட்ட அளவைக் கல் போனால் என்ன சார், ஜி.பி.எஸ். வைத்து எல்லையைக் காட்டிவிடுங்களேன்" என்று மனை வாங்கியவர்கள் கேட்கிறார்கள். ஜி.பி.எஸ். நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும். ஆனால் பழைய எஃப்.எம்.பி. படத்தில், அதாவது வயலை அளந்து வரைந்த நில அளவை வரைபடத்தில், அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடையாது; கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள தூரம்தான் இருக்கும்.

அதை வரைந்தவர்கள் இரண்டு கற்களுக்கு நடுவே நேராகச் சங்கிலியை இழுத்தார்கள். ஒரு சங்கிலி 66 அடி, 100 லிங்க் (கண்ணி). வரப்பு வளையும் இடத்துக்கு நேரே வந்ததும் நின்று, செங்கோணம் பார்த்து, வரப்பு வரை எத்தனை லிங்க் என்று குறித்துக்கொண்டார்கள். சங்கிலி வழியே ஓர் எண், பக்கவாட்டில் ஓர் எண். வயலின் அத்தனை வளைவும் இப்படித்தான் தாளில் ஏறியது. 1,000 சதுர லிங்க் சேர்ந்தால் ஒரு சென்ட். பத்திரத்தில் நீங்கள் பார்க்கும் 435.6 சதுர அடி அந்தச் சங்கிலிக் கணக்குதான்.

நாட்டையே அளந்தபோதும் சங்கிலியில்தான் தொடங்கினார்கள். 1802இல் வில்லியம் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைலுக்கு அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோடு, அளந்தார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்து, வெப்பத்துக்கேற்பத் திருத்தம் போட்டார். ஒரு பக்கத்தின் நீளம் தெரிந்தால், அதன் இரு முனையிலிருந்தும் தொலைவுக் குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்து மற்றப் பக்கங்களைக் கணக்கிலேயே பெறலாம். குன்றில்லாத தஞ்சைச் சமவெளியில் என்ன செய்வது? 1808இல் கோணம் அளக்கும் அரை டன் கருவியான தியோடலைட்டைப் பெரிய கோயில் கோபுரத்தில் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இவ்வளவு பாடுபட்டு உருவான அளவை முறையின் கடைசிக் கண்ணி, உங்கள் வயல் மூலையில் இருக்கும் கல். அது போய்விட்டால் பக்கத்துப் புலத்தின் கல்லைத் தேடி அங்கிருந்து அளந்து வரவேண்டும். அதுவும் இல்லையென்றால் இன்னும் தள்ளிப் போகவேண்டும். தள்ளிப் போகப் போகப் பிழையும் கூடும், அண்ணன் தம்பிக்குள் சண்டையும் கூடும்.

1923ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி கல்லைப் பராமரிப்பது நில உரிமையாளரின் கடமை. மனையைச் சமன் செய்ய ஜேசிபி வருவதற்கு முன்பே எஃப்.எம்.பி. நகலோடு போய் மூலைக் கற்களைக் கண்டுபிடித்துச் சுண்ணாம்பு அடித்து வையுங்கள். கல் ஏற்கெனவே காணாமல் போயிருந்தால் நீங்களாக ஒன்றை நடாதீர்கள். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்து நில அளவரை வரவழையுங்கள்.