முதல் மூன்று மீட்டர்

கடலில் முதன்முறையாக இறங்கப் போகிறவர்கள் என்னிடம் சுறாவைப் பற்றிக் கேட்பார்கள், ஆழத்தைப் பற்றிக் கேட்பார்கள். மூக்கடைப்பைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் ஸ்கூபா பயிற்றுநராக நான் பார்த்தவரை, முதல் டைவைப் பாதியில் விட்டு ஏறியவர்களில் பெரும்பாலோர் மூன்று மீட்டரைக்கூடத் தாண்டவில்லை. தொடக்கநிலைப் படிப்பில் அனுமதிக்கப்படும் அதிகபட்ச ஆழம் 18 மீட்டர். அந்தப் பதினெட்டை நினைத்து இரவெல்லாம் தூங்காமல் இருப்பார்கள். சிக்கல் படகின் ஏணிக்குப் பக்கத்திலேயே காத்திருக்கும்.

காரணம் அழுத்தம். நீர்மட்டத்தில் நம் மேல் இருப்பது 1 வளிமண்டல அழுத்தம். 10 மீட்டர் இறங்கினால் அது 2 ஆகிறது, 20 மீட்டரில் 3. அப்படியானால் செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று முதல் பத்து மீட்டரிலேயே பாதியாகச் சுருங்க வேண்டும். அடுத்த பத்து மீட்டரில் பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. அதனால்தான் ஆழத்தைவிட மேல்மட்டம் காதைப் படுத்துகிறது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால், மூக்கின் பின்புறத்திலிருந்து செவிப்பறைக்குப் பின்னால் காற்று புகுந்து 'பொட்' என்று காது திறக்கும். இதைத் தலை நீருக்குள் போன உடனேயே தொடங்க வேண்டும், ஒவ்வொரு மீட்டருக்கும் முன்னதாகவே செய்துகொண்டு போக வேண்டும். வலி வந்த பிறகு ஊதுவது காலம் கடந்த வேலை. திறக்கவில்லையா, அரை மீட்டர், ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். பலங்கொண்ட மட்டும் ஊதாதீர்கள், உள்காதுக்குக் கேடு. தலை கீழாக இறங்குவதைவிட, கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக இறங்கும்போது காது எளிதாகத் திறக்கும். டைவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கரையில் மென்மையாக ஊதிப் பாருங்கள். எச்சில் விழுங்கினாலே சிலருக்குத் திறந்துவிடும். உங்கள் காது எந்த ரகம் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது.

ஒரு மாணவர் சளியை மறைத்துவிட்டு வந்தார். காலையில் மூக்கடைப்பு மாத்திரை போட்டிருக்கிறார். இறங்கும்போது எல்லாம் சுகம். நீருக்கடியில் மருந்தின் வீரியம் இறங்கி, ஏறி வரும்போது விரிகிற காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டது. இறங்க முடியாவிட்டால் இறங்காமல் இருந்துவிடலாம். ஏறாமல் இருக்க முடியாதே. அங்குலம் அங்குலமாக அவரை மேலே கொண்டுவந்தேன். "லேசான சளிதான் சார்" என்றார் படகில், மூக்கில் ரத்தம் கசிய. சளி இருந்தால் டைவ் வேண்டாம், அவ்வளவுதான். மருத்துவப் படிவத்திலும் இதே கதைதான். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காது அறுவைச் சிகிச்சை, நுரையீரல் சுருங்கிய வரலாறு எதையும் மறைக்காமல் எழுதி, மருத்துவரிடம் தகுதி கேட்டு வாருங்கள்.

அடுத்தது மாஸ்க். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர், மாஸ்க்குக்குள் இரண்டு ஸ்பூன் தண்ணீர் புகுந்ததும் திணறி மேலே பாயப் பார்த்தார். நீச்சல்காரர்களுக்கு மூக்கில் நீர் பட்டாலே மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. ஸ்கூபாவில் அந்த நல்ல பழக்கமே எதிரி. மாஸ்க் இல்லாமல், முகம் நீருக்குள் இருக்க, வாயால் மட்டும் மூச்சு விடும் பயிற்சியை நீச்சல் குளத்தில் அலுக்கும்வரை செய்யுங்கள். நெற்றிப் பக்கம் மாஸ்க்கை அழுத்தி, கொஞ்சம் அண்ணாந்து, மூக்கால் ஊதி நீரை வெளியேற்றுவது அப்புறம் விளையாட்டாகிவிடும். புது மாஸ்க் வாங்கியவர்கள் கண்ணாடியின் உள்பக்கத்தைப் பற்பசையால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். தொழிற்சாலையில் படிந்த மெல்லிய படலம் போகாவிட்டால் முதல் டைவ் முழுக்க மூடுபனிதான்.

மூச்சைப் பிடிக்கக் கூடாது என்பதை நூறு முறை சொல்லியிருப்பார்கள். ஏன் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அழுத்தக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டு ஏறினால் அது விரியும். ஒரு மீட்டருக்குச் சற்று மேல் ஏறினாலே நுரையீரல் காயப்படலாம். நீச்சல் குளத்தின் ஆழமே இதற்குப் போதும். ஆகவே சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வாயைவிட்டு நழுவினாலும், அதைத் தேடிப் பிடிக்கும்வரை சின்னச் சின்னக் குமிழிகளாக ஊதிக்கொண்டே இருங்கள். ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாதீர்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள்.

மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயக்கட்டி குளத்தில் சரியாக இருந்தாலும் கடலில் பற்றாது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. உடலும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்றால் இரண்டரை கிலோ கூடுதலாக வேண்டும். இது புரியாமல் 'நான் மட்டும் மூழ்கவே மாட்டேன் என்கிறேனே' என்று பதறுவார்கள். பதறினால் நெஞ்சில் காற்று நிறையும், நிறைந்தால் இன்னும் மிதப்பார்கள். மிதப்பதற்காகக் காற்றேற்றும் ஜாக்கெட்டில் காற்றை வடித்துவிட்டு, வழக்கமான மூச்சோடு அசையாமல் நின்றால் நீர்மட்டம் கண் அளவில் நிற்க வேண்டும். முழுக்க மூச்சு விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். அது போதும். தேவைக்கு மேல் ஈயம் கட்டுவதும் தொல்லைதான்.

காற்றுமானியைப் பார்க்கும் பழக்கம் தானாக வராது. 10 மீட்டரில் மேலே செலவாவதைப்போல இரு மடங்கு காற்று செலவாகும். போதாதற்குப் புதியவர்கள் புஸ் புஸ் என்று வேறு மூச்சு விடுவார்கள். 200 பார் அழுத்தத்தில் தொடங்குகிற சிலிண்டர் 50 பாரைத் தொடும்போது நீங்கள் மேலே வந்திருக்க வேண்டும்.

சைகையில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலைத் தூக்கினால் நமக்கு 'சூப்பர்'. நீருக்கடியில் அதன் பொருள் 'மேலே போகலாம்'. ஒரு இளைஞர் ஆமையைப் பார்த்த மகிழ்ச்சியில் கட்டைவிரலைத் தூக்க, நானும் கடமை தவறாமல் அவரை மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். படகில் ஏறியபின் அவர் என்னிடம் பேசவே இல்லை. 'எல்லாம் நலம்' என்பதற்கு ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்த வட்டம். ஆனால் உண்மையிலேயே மேலே போக வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் கட்டைவிரலைத் தூக்குங்கள். யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

பயிற்சி டைவ்கள் முடிந்து விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேர இடைவெளி விட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.

முதல் டைவ் நாளில் நீரில் குதித்ததும் யார் அவசரப்படுத்தினாலும் உடனே இறங்காதீர்கள். ஜாக்கெட்டில் காற்றை ஏற்றி, ரெகுலேட்டர் வாயில் இருக்க, முகத்தை நீருக்குள் வைத்து இரண்டு நிமிடம் மிதந்துகொண்டிருங்கள். வெளிமூச்சை மட்டும் நீளமாக விட்டுப் பாருங்கள். நெஞ்சுப் படபடப்பு அடங்கி, கீழே கயிறு எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றும். அப்போது மூக்கைப் பிடித்து முதல் தடவை ஊதுங்கள்.