ஆலைமெருகு, மனைமெருகு: மரத்தரையின் ‘ஃபினிஷ்’ தமிழில் என்ன?

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு மரத்தரை போடக் கடைக்குப் போகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று: ‘பிரீஃபினிஷ்ட்’ (ஆலையிலேயே பூச்சு ஏறி வருவது) வேண்டுமா, ‘சைட் ஃபினிஷ்ட்’ (வீட்டில் பொருத்திய பிறகு பூசுவது) வேண்டுமா? இரண்டையும் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘முன்முடிக்கப்பட்ட தரை’, ‘தளத்தில் முடிக்கப்பட்ட தரை’ என்று வரும். இப்படி எழுதினால் எதை முடித்தார்கள், எந்தத் தளத்தில் முடித்தார்கள் என்று எதுவும் விளங்காது. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வதற்குப் பெரும் பணமும் பல ஆண்டு வசதியும் பணயம். அதனால் பொருள் விளங்கும் பெயர் வேண்டும்.

‘ஃபினிஷ்’ ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சின் வழியாக வந்தது. அதன் வேர் லத்தீனின் ‘ஃபினிஸ்’. எல்லை, முடிவு என்று பொருள். ‘ஃபைனல்’, ‘டிஃபைன்’, ‘ஃபைனான்ஸ்’ எல்லாம் அதே வேரின் கிளைகள். ஆங்கிலத்தில் இந்தச் சொல் முடித்தலோடு நிற்கவில்லை. ஒரு பொருளின் மேற்பரப்பைச் சீர்செய்யும் கடைசி வேலைக்குப் பெயராகி, பிறகு அந்த வேலையில் பூசப்படும் பூச்சுக்கே பெயராகிவிட்டது. தமிழின் ‘முடி’ அந்தப் பாதையில் போனதில்லை. ‘பலகையை முடித்தான்’ என்றால் அறுத்தானா, இழைத்தானா, பூசினானா என்று தெரியாது. ஆகவே ‘முடித்தல்’ இங்கே உதவாது.

தமிழ்நாட்டுத் தச்சுப்பட்டறைகளில் இதற்குப் ‘பாலிஷ்’ என்ற சொல்தான் புழக்கம். இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சீலர் என்ற அடிப்பூச்சு அடித்து, ‘பாலிஷ் போட்டாச்சு’ என்பார்கள். அதற்கு நேரான தமிழ் நம்மிடம் எப்போதும் இருக்கிறது: மெருகு. தெலுங்கில் ‘மெருகு’, கன்னடத்தில் ‘மெருகு’ என்று அக்கம்பக்கத்து மொழிகளிலும் இதே சொல் ஒளியையும் பளபளப்பையும் குறிக்கிறது; தெலுங்கில் மின்னலுக்கு ‘மெருபு’ என்று பெயர். வார்னிஷுக்குத் தமிழில் மெருகெண்ணெய் என்ற பெயரும் உண்டு. ஒரு மறுப்பு எழலாம்: இன்று பலர் பளபளப்பே இல்லாத மங்கலான பூச்சைக் கேட்டு வாங்குகிறார்கள், அதை எப்படி மெருகு என்பது? நகைக்கு மட்டுமல்ல, பாட்டுக்கும் பேச்சுக்கும் மெருகேற்றுகிறோம். செப்பம் என்ற பொருள் அதில் முன்னமே ஊறியிருக்கிறது. ‘மங்கல் மெருகு’ என்பதில் எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை.

இனி, இந்தத் தரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஹார்ட்வுட்’ என்ற பெயர். வன்மரம் என்பது நிலைத்துவிட்ட கலைச்சொல். அகன்ற இலை மரங்களான ஓக், மேப்பிள், தேக்கு எல்லாம் வன்மரம். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரம். இது தாவர வகையை வைத்துச் செய்த பிரிவு. கையால் அழுத்தினாலே பள்ளம் விழும் பால்சாவும் இந்தக் கணக்கில் வன்மரம்தான். மரத்தின் வலிமையைப் பற்றித் தமிழில் இதைவிடப் பழைய பார்வை ஒன்று உண்டு. தொல்காப்பிய மரபியல், ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்கிறது. காழ் என்பது வயிரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி. வெளிப்புறம் வயிரம் கொண்டது புல், உட்புறம் வயிரம் கொண்டது மரம். வன்மரப் பலகைக்குப் பக்கத்திலேயே மூங்கில் தரையையும் அடுக்கி விற்கிறார்கள். தாவரவியல்படியும் மூங்கில் புல்தான்.

ஆக ‘வன்மரத்தரை’ சரி, ‘மெருகு’ சரி. மீதி இருப்பது ‘பிரீ’யும் ‘சைட்’டும். ‘முன்மெருகு’ என்றால் முதல் கைப்பூச்சு, அதாவது பிரைமர் என்று கேட்பவர் நினைக்கக்கூடும். ‘தளமெருகு’ இன்னும் மோசம். தமிழில் தளம் என்பது தரைக்கும் பெயர், கட்டுமிடத்துக்கும் பெயர். இரு வகையிலும் பூச்சு ஏறுவது தளத்தின் மேல்தானே! எனவே மெருகு நடந்த இடத்தையே பெயரில் வைக்கலாம் என்பது என் கருத்து: ஆலையில் நடந்தால் ஆலைமெருகு, வீட்டில் நடந்தால் மனைமெருகு. மனை என்பது வீட்டுக்கும் வீடு கட்டும் நிலத்துக்கும் பொது. இந்த இரண்டு தரைகளுக்கும் இடையிலுள்ள மற்ற வேறுபாடுகள் ஏறக்குறைய எல்லாமே, மெருகு எங்கே நடந்தது என்ற ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஆலையில் ஒவ்வொரு பலகையும் தனித்தனியே தேய்க்கப்பட்டு, சாயம் ஏறி, பல கைப்பூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு பூச்சும் புறஊதா விளக்கின் கீழ் நொடிகளில் இறுகுகிறது. வீட்டில் இந்த வசதி வழக்கமாகக் கிடையாது. அந்தப் பூச்சில் அலுமினியம் ஆக்சைடு துகள்களைக் கலப்பது வழக்கம், கீறல் தாங்குவதற்காக. அதே பொருள் இயற்கையில் படிகமாகக் கிடைத்தால் அதுதான் குருந்தம். மாணிக்கமும் நீலமும் அதன் வகைகள். அந்தக் கனிமத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் தமிழின் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனது. ஆலைமெருகைக் காக்கும் பொருளின் பெயரிலேயே தமிழ் இருக்கிறது என்பதை நினைக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் துகளும் பெரும்பாலும் இதே அலுமினியம் ஆக்சைடுதான். அதனால் பின்னாளில் ஆலைமெருகைத் தேய்த்து எடுப்பது கடினம். தாள் சீக்கிரம் மழுங்கும். மேலே புதுப் பூச்சு அடித்தாலும் பிடிப்பதற்குத் தனிக் கவனம் வேண்டும்.

ஆலைமெருகுப் பலகையின் ஓரங்கள் பெரும்பாலும் லேசாகச் சரித்துச் சீவப்பட்டிருக்கும். பொருத்திய பிறகு தேய்த்துச் சமன்செய்ய வழியில்லை. பக்கத்துப் பலகை மயிரிழை ஏறி இறங்கினால் காலில் தட்டும். அந்தச் சரிவு ஏற்றத்தாழ்வை மறைக்கிறது. அதனாலேயே ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நுண்பள்ளம் தெரியும், அதில் தூசி சேரும்.

மனைமெருகில் வெறும்பலகையை முதலில் ஆணியடித்துப் பொருத்துகிறார்கள். (இதைப் ‘பச்சைப் பலகை’ என்று எழுதிவிட வேண்டாம். பச்சை மரம் என்றால் ஈரம் காயாத மரம்.) பிறகு 36 அல்லது 40 எண் கொண்ட முரட்டுத் தாளில் தொடங்கி, 60, 80 அல்லது 100 என்று நயமான தாளுக்குப் போய், தரை முழுவதையும் ஒரே பரப்பாக இயந்திரத்தால் தேய்க்கிறார்கள். சாயம் வேண்டுமானால் பூசி, மேலே இரண்டு மூன்று கை பாலியூரிதேன் என்ற செயற்கைப் பூச்சு. நீர்வழிப் பூச்சு சில மணி நேரத்தில் அடுத்த கைக்குத் தயாராகும், நிறம் மாறாமல் தெளிவாக இருக்கும். எண்ணெய்வழிப் பூச்சுக்கு ஒரு கைக்கு ஓர் இரவாவது ஆகும். தேன் நிறம் ஏறும், வாடையும் அதிகம். முழுதாக இறுக ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். அதுவரை கம்பளம் விரிக்கக் கூடாது. டொரன்டோ குளிரில் சன்னலைத் திறக்க முடியாத மாதங்களில் இதை வீட்டில் இருந்துகொண்டு செய்வது வேதனை.

குடியிருக்கும் வீடு, சிறு குழந்தைகள், ஒதுங்கிப் போக வேறு இடமில்லை என்றால் நான் தயங்காமல் ஆலைமெருகைச் சொல்வேன். பலகை போட்ட அன்றே நடக்கலாம். ஒரே தொகுதியில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வைத்தால், பழுதான பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பழைய வீட்டின் ஓக் தரையோடு புதிதாகக் கட்டிய அறையைச் சேர்க்க வேண்டுமென்றால் மட்டும் மனைமெருகை விட்டால் வழியில்லை. பழையதையும் புதியதையும் சேர்த்துத் தேய்த்து ஒரே சாயம் ஏற்றினால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரியும். குடிபுகுமுன் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கும் அதுவே அழகு. இணைப்புகளின் மேலும் பூச்சு படர்வதால் சிந்திய நீர் உடனே இறங்காது. ஆனால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலையின் வெப்பத்தில் காற்று வறண்டு பலகை சுருங்கும்போது அந்த இணைப்பிலும் கீற்று விழும். அதைத் தடுக்க மெருகால் முடியாது. அறையின் ஈரப்பதத்தைப் பேணுவதுதான் வழி.

இந்தக் குடும்பத்தில் இன்னும் ஒரு சொல்: ‘ரீஃபினிஷிங்’குக்கு மறுமெருகு. முழு மரத்தில் அறுத்த முக்கால் அங்குலப் பலகை மறுமெருகைப் பல முறை தாங்கும். அடுக்குகளை ஒட்டிச் செய்த பலகையில் மேலே இருக்கும் நல்ல மரம் சில மில்லிமீட்டர்தான். சிலவற்றில் அவ்வளவுகூட இல்லை. வாங்கும்போது அந்த மேலடுக்கின் கனத்தைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.