டம்ளரில் முக்கிய கம்பி

போன வாரம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவுக்கு வாட்டர் ஃபில்டர் விற்க ஒருவர் வந்தார். பக்கத்து வீட்டு அக்காவின் கிணற்றுத் தண்ணீரை டம்ளரில் பிடித்து, பிளக்கில் மாட்டிய கம்பிகளை முக்கினார். இரண்டே நிமிஷம், தண்ணீர் சாக்கடை நிறம். அவருடைய ஃபில்டர் தண்ணீரோ தெளிவாகவே நின்றது. "இதைத்தான் குடிக்கிறீங்க!"

அக்கா என்னிடம் கேட்டது வேறு. "ஏனுங்க சார், பத்து வருஷமா சர்க்கரை மாத்திரை சாப்பிடறேன். கக்கூஸ் குழிக்கும் கிணத்துக்கும் பத்தடிதான். அந்த மருந்தும் இதுல இருக்குமா? கம்பியை விட்டா வந்துருமா?"

முதலில் அந்தப் பழுப்பு. அது கம்பியின் இரும்பு கரைந்து வந்த துரு. நான் பென்சில் கரி இரண்டை 9 வோல்ட் பேட்டரியில் மாட்டி அதே தண்ணீரில் விட்டேன். குமிழி மட்டும்தான் வந்தது. ஃபில்டர் தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் அது தெளிவாகவே நிற்கும். வித்தை அவ்வளவுதான்.

மருந்து விஷயத்தில் அக்காவின் சந்தேகம் நியாயமானது. அக்கா சாப்பிடும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை உடம்பு சிதைப்பதில்லை, சிறுநீரில் அப்படியே வெளியேறுகிறது. தண்ணீரைக் காய்ச்சினாலும் போகாது. ஆனால் கரண்ட் விட்டு அதை உடைக்கலாம், கம்பி மட்டும் வைரமாக இருக்க வேண்டும்!

நகைக்கடை வைரம் வேண்டாம். மீத்தேனையும் ஹைட்ரஜனையும் சூடாக்கி, சிலிக்கான் தகட்டின் மேல் சில மைக்ரோமீட்டர் தடிமனுக்குப் படியவிடும் கறுப்பு வைரப் படலம் போதும். வைரத்தில் மின்சாரம் பாயாது. கார்பனைவிட ஓர் எலக்ட்ரான் குறைந்த போரானைத் துளி கலந்தால் பாயும். இதை நேர்மின் முனையாக வைத்தால், தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கும். ஒரு ஹைட்ரஜன் அயனி கழன்றுபோக, மிஞ்சுவது ஹைட்ராக்சில் ரேடிகல். ஜோடியில்லாத எலக்ட்ரானோடு திரியும் பசி பிடித்த பயல். பிளாட்டினமும் இதை உண்டாக்கும். ஆனால் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும், பயல் அங்கேயே ஆக்சிஜனாக மாறிக் குமிழியாகப் போய்விடுவான். வைரம் பிடித்து வைப்பதில்லை. எனக்கு இதில் பிடித்ததே இந்த ஒட்டாத குணம்தான். அவிழ்த்துவிட்ட ரேடிகல் கிட்டே வரும் மருந்து மூலக்கூறைக் கடித்துக் கடித்துச் சிறு அமிலங்களாக்கி, கடைசியில் கரியமில வாயுவாக்கிவிடும். ஆனால் ஆயுள் அற்பம். ஒரு மைக்ரோமீட்டர் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். எனவே தண்ணீரைத்தான் தகட்டின்மேல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கரண்ட் செலவு அதிகம். தண்ணீரில் உப்பு இருந்தால் குளோரேட், பெர்குளோரேட் என்ற கெட்ட உப்புகள் உண்டாகிப் புதுத் தொல்லையும் கிளம்பும். ஆகவே பாரதப்புழை ஆற்றுக்கு இது சரிவராது. ஆஸ்பத்திரி, மருந்து ஆலைக் குழாயின் வாயிலேயே வைக்கலாம். ஹைதராபாத் பக்கம் பட்டான்சேருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்ததாக 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆராய்ச்சிப் பணம் அந்த மாதிரி இடத்துக்குப் போகட்டும் என்பேன். நிறம் மாறாத சோதனைக்குத்தான் நம் ஊரில் யாரும் காசு தருவதில்லை.

அக்காவின் பத்தடிக் குழியிலிருந்து மருந்துக்கு முன்னால் கிணற்றில் கலப்பது கக்கூஸ் கிருமிகள். குழியைத் தள்ளி வெட்டக் கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.